கண்ணாடி ஏற்றிய தண்டு

"நீயாவது நம்புறியா, எனக்கு வலிக்குதுன்னு?"

அம்மா இதைக் கேட்டபோது இஸ்திரி மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்து விடுதியிலிருந்து வந்த வெள்ளை விரிப்பு ஒன்றை நான்காக மடித்து, மடிப்பின் மேல் பெட்டியை வைத்து அழுத்தினாள். இடது காலில் பாரம் விழாமல் வலது காலிலேயே நின்றாள். கொக்கு என்று அத்தை அவளுக்குப் பெயர் வைத்திருந்தாள். நம்புறேம்மா என்றேன்.

"நீ நம்பி என்ன ஆகப்போகுது" என்றாள். கோபம் இல்லை அதில். விரிப்பைத் திருப்பிப் போட்டாள்.

அவள் சொன்னது சரிதான். என் நம்பிக்கைக்கு அந்த வீட்டில் என்ன மதிப்பு? ஒன்பதாம் வகுப்போடு நின்றவள், நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறவள். அத்தைக்கு நான் வாயில்லாப் பூச்சி. அம்மாவுக்கு வேண்டியிருந்தது அப்பாவின் வாயிலிருந்து ஒரு சொல். வலிப்பது நிஜம்தான் என்று அவர் ஒருமுறை சொல்லிவிட்டால் அவள் மிச்ச வலியைத் தாங்கிக்கொள்வாள். அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும்.

அம்மாவின் இடது இடுப்பு மூட்டு கெட்டுப்போனது நான் எட்டாவது படிக்கும்போது. தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போவது நின்று, உள்ளேயே எலும்பு செத்துவிட்டது என்றார்கள். மூட்டை மாற்ற வேண்டும். அதைக் கேட்டு மற்ற வீடுகளில் அழுதிருப்பார்கள். எங்கள் வீட்டில் அப்பா ஏறக்குறைய சந்தோஷப்பட்டார். ஏனென்றால் அவர் வேலை செய்த பட்டறையில் செய்வதே அதைத்தான். இடுப்புக்கான குண்டு, அந்தக் குண்டைத் தாங்கித் தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டு, முழங்காலுக்கான தகடுகள். எல்லாம் உலோகம். எல்லாம் யாரோ ஒருவருடைய உடம்புக்குள் போய் யார் கண்ணிலும் படாமல் கிடக்கப்போகிறவை.

அப்பா அங்கே பஃபிங் மாஸ்டர். சுழலும் பஞ்சுச் சக்கரத்தில் பச்சை சோப்புக் கட்டியைத் தேய்த்து, அதில் உலோகத்தைக் காட்டிக் காட்டி மினுக்குவார். அதற்குப் பட்டறையில் 'கண்ணாடி ஏத்துறது' என்று பேர். கடைசிச் சோதனை அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. பொருளை மூக்குக்குக் கீழே பிடித்துப் பார்ப்பார். மூக்கு முடி தனித்தனியாகத் தெரிந்தால்தான் அது முடிந்த வேலை. வீட்டுக்கு வரும்போது நகக்கண்ணும் மூக்குத் துவாரமும் கறுத்திருக்கும். அம்மா தண்ணீர் ஊற்ற அவர் கழுவுவார். எங்கள் வீட்டில் ஒரு ஸ்பூன்கூட மங்கிப்போனதில்லை. குழாயின் திருகில்கூட என் முகம் தெரியும்.

முதலாளி ஒரு தண்டை இலவசமாகத் தருவதாகச் சொன்னார். தந்தார். அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

பட்டறையில் தண்டு இரண்டு வகை. ஒன்று, எலும்புக்குள் சிமெண்ட் வைத்து இறக்குவது. அது அப்பாவின் கைக்கு வந்து கண்ணாடி ஏறிப் போகும். இன்னொன்று சிமெண்ட் இல்லாமல் நேராக இறக்குவது. அது அப்பாவிடம் வராது. கடைசலில் இருந்து பின்பக்கத்து அறைக்குப் போய், அங்கே காற்றோடு மணல் அடித்துச் சொரசொரப்பாக்கி, கழுவி, பெட்டிக்குப் போய்விடும். அம்மாவுக்கு என்று முதலாளி எடுத்து வைத்தது இந்த இரண்டாவது வகை. மங்கலான சாம்பல் நிறம். மேல் பாதி முழுக்கச் சொரசொரப்பு.

அப்பாவுக்கு அது செருப்பால் அடித்த மாதிரி இருந்திருக்கிறது. ஓசியில் தருவதுதானே என்று வேலை முடியாத சரக்கைத் தள்ளிவிட்டார்கள் என்று நினைத்தார். இத்தனை காலம் ஊரார் பெண்டாட்டிகளுக்கெல்லாம் கண்ணாடி ஏற்றிக் கொடுத்த கையால், தன் பெண்டாட்டிக்கு அரம் மாதிரி ஒன்றை எடுத்துக் கொடுப்பதா? யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் முதலாளியைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும். பட்டறை விடுமுறையில் இருந்த ஒரு நாள் சாவி வாங்கிக்கொண்டு போனார். தனியாக உட்கார்ந்து அந்தத் தண்டை மேலிருந்து கீழ்வரை மினுக்கினார். அந்தச் சொரசொரப்பை எடுக்கப் படாத பாடு பட்டதாகவும், மூன்று சக்கரம் தேய்ந்து போனதாகவும் பின்னால் அவரே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார்.

பட்டறையில் பெட்டி போடும் பிரிவில் இருந்தது அப்பாவின் தங்கை, என் அத்தை. செக்கிங் முடிந்த சரக்குத்தானே என்று அதைக் கழுவி, இரட்டை உறையில் வைத்து ஒட்டியவள் அவள்தான். "அண்ணி, என் முகத்தைப் பார்த்துப் பொட்டு சரிபண்ணிக்கிட்டுத்தான் உறையில போட்டேன்" என்று அம்மாவிடம் வந்து சொன்னாள். அறுவை செய்த பெரிய டாக்டர் உறையைப் பிரித்ததும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நல்ல ஃபினிஷ் என்றாராம். அவர் அதோடு நிறுத்தியிருக்கக் கூடாது. ஏன் இது இப்படி மினுங்குகிறது என்று கேட்டிருக்க வேண்டும். புது மாடல் என்று நினைத்துக்கொண்டார் போல. அந்த ஒரு சொல்லை அப்பா தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம், என் சம்சாரம் உள்ள கண்ணாடி வச்சிக்கிட்டு நடக்குறா என்பார். அம்மாவும் அப்போது சிரித்தாள். வெட்கப்பட்டாள்கூட. அவர் அவளுக்காகச் செய்த ஒரே அழகான காரியம் அது என்று நினைத்தாளோ என்னவோ.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். கொஞ்ச நாளைக்குத்தான் என்று அப்பா சொன்னார். பள்ளியிலிருந்து யாரும் தேடி வரவில்லை. வகுப்பில் நான் இருந்ததே பாதிப் பேருக்குத் தெரியாது. நான் இல்லாதது மட்டும் தெரிந்துவிடுமா என்ன.

தையல் ஆறியது. வாக்கரை விட்டுக் கம்பு, கம்பை விட்டுச் சுவர் என்று நடந்தாள். ஆனால் வலி போகவில்லை. மூட்டில் இல்லை, தொடையின் நடுவில். நாற்காலியிலிருந்து எழுந்து முதல் சில அடி வைக்கும்போது யாரோ எலும்புக்குள் ஆணியை இறக்குவது போல இருக்கிறது என்பாள். கொஞ்சம் நடந்தால் குறையும். மறுபடி உட்கார்ந்து எழுந்தால் மறுபடி ஆணி. பெரிய டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது, உடம்பைக் குறையுங்கள், பயிற்சி செய்யுங்கள் என்றார். அம்மா உடம்பைக் குறைத்தாள். பயிற்சி செய்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்குவாள். கீழ்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

அடுத்து அவர் வலி மாத்திரை எழுதினார். அதற்கும் அடுத்த முறை, மனசுக்கு ஒரு மாத்திரை எழுதினார். வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்தச் சீட்டை நான்காக மடித்து அரிசிப் பானைக்கு அடியில் செருகினாள்.

அப்பா முதல் வருஷம் பொறுமையாக இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். வெந்நீர் வைத்துக் கொடுத்தார். தொடையைப் பிடித்துவிட்டார். என்னதான் பண்ணுது உனக்கு என்று நிஜமான கவலையோடு கேட்டார். வந்தவர்களிடம் கண்ணாடிக் கதையை மட்டும் விடாமல் சொன்னார்.

திடீரென்று ஒரு நாள் அந்தக் கதை நின்றுபோனது. எப்போது என்று அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. பிறகு யோசித்துப் பார்த்ததில் பிடிபட்டது. கண்ணாடி என்ற பேச்சையே அவர் எடுப்பதில்லை. அதற்குப் பதிலாக வேறு ஒன்று வந்தது. "இவ உடம்புக்கு எதுதான் ஒத்துக்கிச்சு? மனசு ஒத்துழைக்கணும். மனசே நொண்டினா காலு என்ன பண்ணும்?" இதை முதலில் அத்தையிடம் சொன்னார். பிறகு அண்டை வீட்டில். பிறகு அம்மா முகத்துக்கு நேராகவே. அத்தைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும். கொக்கு என்று பேர் வைத்தாள். அவள் வந்தால் அம்மா இரண்டு காலையும் ஊன்றி நிற்கப் பார்ப்பாள். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நிற்கும். "பாருங்க, இப்ப மட்டும் நல்லா நிக்குறாங்க அண்ணி" என்பாள் அத்தை.

அம்மாவால் முன்போல நின்று வேலை செய்ய முடியவில்லை என்று என்னைப் பட்டறையில் சேர்த்தார்கள். அத்தைக்குப் பக்கத்து மேஜை. கழுவி வந்ததைத் துடைத்து, உறையில் போட்டு ஒட்டுவது. பேச வேண்டாத வேலை, எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

அங்கேதான் சொரசொரப்புத் தண்டை முதன்முதலில் தொட்டேன். பூனை நாக்கு மாதிரி இருந்தது. கையுறை போட்டுக்கொண்டு தொட்டால் கையுறை பிய்ந்து மாட்டிக்கொள்ளும். துணியால் துடைக்கவே கூடாது, நூல் சிக்கும். அதைக் காற்றடித்துத்தான் உலர்த்த வேண்டும். மினுங்குகிற தண்டை ஒரு கையால் தூக்கிப் போடுகிறவர்கள் இதை மட்டும் குழந்தை மாதிரி இரண்டு கையால் ஏந்தினார்கள். வேலை முடியாத சரக்குக்கு இத்தனை உபசாரம் ஏன் என்று எனக்குள் ஒரு கேள்வி. யாரைக் கேட்பது? கேட்பதென்றால் வாய் திறக்க வேண்டுமே.

மணல் அடிக்கும் அறையில் இருந்தவரை எல்லோரும் புயல் என்று கூப்பிடுவார்கள். நாளெல்லாம் காற்றுக் குழாயின் இரைச்சலில் இருந்து காது போய்விட்டது. காது போனவர்கள் போலவே அவரும் எல்லோருக்கும் காது இல்லை என்று நினைத்துக் கத்தித்தான் பேசுவார். ஒரு நாள் ஒரு தண்டின் சொரசொரப்பில் கீறல் விழுந்து பளபளவென்று ஒரு கோடு தெரிந்தது. மறுபடி மணல் அடித்து வாங்கி வா என்று அத்தை என்னை அனுப்பினாள். புயல் அதை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மின்சாரம் நின்றது. பட்டறையின் எல்லா இரைச்சலும் ஒன்றாக இறங்கியது. பஃபிங் சக்கரம் மட்டும் ஓடின வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. இரைச்சல் நின்றது புயலுக்கு எப்படித் தெரியும்? அவர் வழக்கம்போலக் கத்தினார்.

"இந்தக் கோடு இருக்கே பொண்ணு, இதுல எலும்பு ஏறாது. எலும்புக்குப் பிடி வேணும். வழுவழுன்னு இருந்தா வழுக்கிரும். உங்கம்மாவோடதை முழுசா மினுக்கி வச்சாரே உங்கப்பா, அதான் பிடிக்கல. அவர்கிட்ட எப்பவோ சொல்லிட்டேனே, சொல்லலியா வீட்டுல?"

எல்லோருக்கும் கேட்டது. கடைசல்காரர் கையில் இருந்த அளவுகோலையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை முகத்தில் ஈயாடவில்லை. அப்பா தன் சக்கரத்துக்கு முன்னால் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். திரும்பவில்லை. சக்கரம் மெல்ல மெல்ல நின்றது. நின்ற பிறகும் கையில் இருந்த குண்டை அதன் மேல் காட்டிக்கொண்டே இருந்தார்.

அன்று மாலை நானும் அவரும் சேர்ந்துதான் நடந்து வந்தோம். தெருமுனையில் ரொட்டிக் கடையில் நின்று எனக்குப் பிடித்த பன் வாங்கிக் கையில் கொடுத்தார். வீட்டு வாசலில்தான் வாய் திறந்தார்.

"புயலுக்குக் காதும் இல்ல, மூளையும் இல்ல. அவன் பேச்சைப் பெருசு பண்ணாதே."

கண்ணாடிக் கதை ஏன் நின்றது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. தெரியாமல் செய்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆசையில் செய்தார். ஆனால் தெரிந்த பிறகு அவர் செய்தது வேறு. தெரிந்த நாளிலிருந்துதான் அம்மாவுக்கு மனசு நொண்டி என்ற பட்டம்.

பன்னை நான் சாப்பிடவில்லை. அது வெகுநேரம் கையிலேயே இருந்தது.

நான் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிடவில்லை, அவளாகத்தான் கேட்டாள். மின்சாரம் நின்ற அந்த நாளுக்குப் பிறகு அத்தை அடியோடு மாறிவிட்டாள். கொக்கு என்று சொல்வதில்லை. வரும்போது பழம் வாங்கி வந்தாள். அண்ணி நீங்க உட்காருங்க, நான் மடிக்கிறேன் என்று விரிப்பைப் பிடுங்கினாள். அவள் போன பிறகு அம்மா என்னைப் பார்த்தாள்.

"உங்க அத்தை திடீர்னு நல்லவளாயிட்டா. நான் சாகப்போறேனா? டாக்டர் ஏதாவது சொன்னாரா? சொல்லு."

அப்போது சொன்னேன். தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். அம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். விரிப்பில் கருகல் விழவில்லையே என்று ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"கண்ணாடிக் கதை நின்னதுலேர்ந்து."

அவள் அதை யோசித்தாள். அவளுக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அழுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் தெரிந்தது வேறு. ரொம்ப நாளாகத் தேடிய பொருள் தன் மடியிலேயே இருந்ததைப் பார்த்தவள் மாதிரி ஒரு நிம்மதி. வலி நிஜம். அந்த நிம்மதி கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"நீ எதுவும் கேட்காதே அவர்கிட்ட. நானும் கேட்க மாட்டேன். அவர் வாயால வரட்டும்" என்றாள்.

வேறு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு பெண் டாக்டர். வயது அதிகமில்லை. அம்மா வலியைச் சொன்னாள். டாக்டர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார். தண்டு வெள்ளையாக நின்றது. அதைச் சுற்றி, எலும்புக்கும் தண்டுக்கும் இடையில், பென்சிலால் வரைந்த மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு. இது சிமெண்ட் இல்லாத தண்டுதானே, பின் ஏன் இப்படி என்று டாக்டர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அம்மா என் கையை இடித்தாள். அது கண்ணாடி மாதிரி இருக்கும் என்றேன். என்ன என்றார். அப்பா பாலிஷ் போட்டுட்டார், முழுசா, என்றேன். அவ்வளவு பேசியதே எனக்கு மூச்சு வாங்கியது.

டாக்டர் படத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பாரோ என்று பயந்தேன். நாற்காலியை அம்மா பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். வெளியிலிருந்து எது உள்ளே வந்தாலும் உடம்புக்கு அது முதலில் ஒரு காயம்தான். ரத்தம் வந்து அதன் மேல் படியும். பிறகு காவல் செல்கள் வந்து மொய்க்கும். தின்னப் பார்க்கும். தனியாக முடியாவிட்டால் பல செல்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரு பெரிய செல்லாகித் தின்னப் பார்க்கும். உலோகத்தை எப்படித் தின்ன முடியும்? முடியாது. அப்போது எலும்பு ஏறிப் பிடித்துக்கொள்ள இடம் இருந்தால், ஆட்டம் இல்லாமல் இருந்தால், எலும்பு மெல்ல வந்து கட்டிக்கொள்ளும். இடம் இல்லையென்றால் உடம்பு அதைச் சுற்றி நாரால் ஒரு சுவர் கட்டி, நீ அந்தப் பக்கம் இரு, நான் இந்தப் பக்கம் இருக்கிறேன் என்று ஒதுக்கிவிடும். ஒதுக்கின பொருள் உள்ளே ஆடும்.

"அப்போ வலிச்சது நிஜம்தானே டாக்டர்?" என்றாள் அம்மா.

"பின்ன? ஒவ்வொரு தடவை எழுந்திருக்கும்போதும் உள்ள அசைஞ்சிருக்கும். நீங்க எப்படிங்க இத்தனை நாள் நின்னு வேலை செஞ்சீங்க?"

அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். படியிறங்கும்போது, இதைக் கேட்க உங்கப்பா இங்க இல்லையே என்று மட்டும் சொன்னாள்.

அப்பாவிடம் மறுபடி அறுவை என்று சொன்னோம். ஏன் என்று கேட்டிருக்க வேண்டிய மனிதர். கேட்கவில்லை. தேதி என்ன என்றுதான் கேட்டார். தண்டு எங்கிருந்து வருகிறது என்றார். வேறு கம்பெனி என்றாள் அம்மா. சரி என்றார். அறுவைக்கு முந்தின நாள் டாக்டர் மாதிரித் தண்டு ஒன்றை அம்மா கையில் கொடுத்தார். அவள் கட்டைவிரலால் அதன் மேல் பாதியைத் திரும்பத் திரும்பத் தடவினாள். "அம்மிக் கல்லு மாதிரி இருக்கு. இது என்னை விடாது" என்றாள்.

பழைய தண்டை எடுக்க எலும்பை வெட்ட வேண்டி வரலாம், நேரமாகலாம் என்று முதலிலேயே எச்சரித்திருந்தார்கள். ஆனால் டாக்டர் சீக்கிரமே வெளியே வந்துவிட்டார். சுத்தியலே எடுக்கவில்லையாம். இழுத்ததும் கையோடு வந்ததாம். உள்ளே எலும்பின் சுவரில் வெள்ளையாக, ஈரமாக, ஒரு தோல் வளர்ந்திருந்தது. உறைக்குள் கத்தியை வைத்திருந்தது மாதிரி வைத்திருந்தது உடம்பு என்றார். அப்பா பக்கத்தில்தான் நின்றார். கறுத்த நகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஏதோ சொல்ல வாய் அசைந்தது. கான்டீன் எந்தப் பக்கம் என்று டாக்டரைக் கேட்டார்.

பழைய தண்டை அம்மா கேட்டு வாங்கிக்கொண்டாள். கழுவி, கிருமி நீக்கி, ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அப்பா அவளை நன்றாகத்தான் கவனித்தார். இதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். வேலை முடிந்து நேராக வருவார். சோப்பு போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு அவள் கால் நகத்தை வெட்டிவிடுவார். பாலை ஆற்றிக் கொடுப்பார். அவர் தொண்டையைச் செருமும்போதெல்லாம் அம்மா மெல்லுவதை நிறுத்திவிடுவாள். சொல்லப்போகிறார் என்று காத்திருப்பாள். இன்னைக்கு பஸ்ஸுல கூட்டம் என்பார். அவள் மறுபடி மெல்லத் தொடங்குவாள். அடுத்த கட்டிலில் இருந்தவள், கொடுத்து வச்சவங்க நீங்க என்று அம்மாவிடம் சொன்னாள். ஆமா என்றாள் அம்மா, ரொம்பக் கொடுத்து வச்சவ.

இந்தமுறை ஆணி இறங்கவில்லை. முதலில் தையல் வலி, பிறகு புது வலி, பிறகு ஒரு நாள் நாற்காலியிலிருந்து எழுந்தவள் அப்படியே நின்றாள். வலிக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். அது வரவில்லை. கம்பை வைத்துவிட்டு இஸ்திரி மேஜை வரைக்கும் போனாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அத்தை வந்து பார்த்துவிட்டு, எல்லாம் அந்த டாக்டர் கைராசி என்றாள். அப்பா, ஆமாம், சில பேருக்கு ரெண்டாவது தடவைதான் உடம்பு பழகும் என்றார். உடம்பு பழகுமாம். அம்மா உள்ளே இருந்தாள், கேட்டிருக்கும். எங்கள் வீட்டில் அந்த உண்மையை யாராலும் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அதைச் சுற்றி நல்ல வார்த்தைகளாலேயே ஒரு தோல் வளர்த்து வைத்திருந்தோம்.

மறுநாள் காலை அப்பா வேலைக்குக் கிளம்பச் சாப்பிட உட்கார்ந்தார். நான் தண்ணீர் வைத்தேன். அம்மா அலமாரியைத் திறந்து அந்தப் பையை எடுத்தாள். கம்பு இல்லாமல், நொண்டாமல், அறையின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைவரை நடந்து வந்தாள். தண்டை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கூரை விளக்கு அதில் ஒரு வெள்ளைக் கோடாக ஓடியது. இத்தனை வருஷம் ஒரு மனுஷியின் எலும்புக்குள் கிடந்தும் அது ஒரு இடத்தில்கூட மங்கவில்லை. நான் குனிந்தபோது என் முகம் அதில் நீளமாகத் தெரிந்தது.

அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார்.

"உங்க வேலைதான்" என்றாள் அம்மா. குரல் உயரவில்லை. "ஆசையா செஞ்சீங்க. அதுல எனக்குக் குறை இல்ல. தெரியாம செஞ்சதுக்கு நான் ஒரு வார்த்தை கேட்கல, கேட்கவும் மாட்டேன். ஆனா எனக்கு மனசு நொண்டின்னு ஊர் முழுக்கச் சொன்னீங்க இல்ல, தெரிஞ்சுக்கிட்டே. அதை மாத்திச் சொல்லுங்க. ஊர்ல வேண்டாம். இதோ இவ முன்னாடி. உனக்கு வலிச்சது நிஜம்தான்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். எனக்கு அது போதும்."

அவர் எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். நின்றபடியே தண்டை எடுத்தார். பழக்கம் போலும், மூக்குக்குக் கீழே கொண்டுபோய்ப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது என்றுதான் நினைக்கிறேன். உதடு பிரிந்தது. அம்மா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இரண்டு காலையும் சமமாக ஊன்றி.

தண்டின் மேல் அம்மாவின் விரல் ரேகை ஒன்று பதிந்திருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டார். தோளிலிருந்த துண்டின் முனையால் அதைத் துடைத்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து இன்னொருமுறை துடைத்தார். இருந்த இடத்திலேயே மெதுவாக வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்து, எங்கள் இருவரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.